சிரிக்கச் சொல்லாதீர்கள்... சிரிக்க விடுங்கள்!

டாக்டரிடம் போகிறீர்கள். பிரஷர் பார்க்கிறார். 150/95. உப்பைக் குறைக்கச் சொல்கிறார். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறார். எல்லாம் முடிந்து நீங்கள் எழுந்திருக்கும்போது, "டென்ஷன் ஆகாதீங்க சார். மனசு விட்டுச் சிரிங்க. அதான் பெரிய மருந்து" என்கிறார். தலையாட்டிவிட்டு வெளியே வந்து, கவுன்ட்டரில் பில்லை வாங்கிப் பார்க்கிறீர்கள். இருந்த கொஞ்சநஞ்ச சிரிப்பும் போய்விடுகிறது.

இந்த அறிவுரையை இப்போது சொல்லாத ஆளே இல்லை. காலையில் டி.வி.யைப் போட்டால் ஒருவர் சிரிப்பின் பத்துப் பயன்களை அடுக்குகிறார். ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு நாள் பயிற்சியாளர் ஒருவரைக் கூட்டி வந்து, எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, கையைத் தட்டி 'ஹோ ஹோ... ஹா ஹா ஹா' சொல்ல வைக்கிறார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டார்கெட் மீட்டிங். அதே வட்டம். ஒருத்தர் முகத்திலும் ஈயாடாது.

'வாய் விட்டுச் சிரித்தால் நோய் விட்டுப் போகும்' என்று நம் பாட்டிகள் காசு வாங்காமல் சொன்னதுதான். இப்போது அதற்கு ரசீது போடுகிறார்கள்.

எனக்குச் சிரிப்பின் மேல் எந்தக் கோபமும் கிடையாது. அதை மாத்திரை மாதிரி எழுதிக் கொடுக்கிறவர்கள் மேல்தான் கோபம். சிரி, சிரி என்று நம்மிடம் சொல்கிறவர்கள், நம்மைச் சிரிக்க விடாத ஏற்பாடுகளைப் பற்றி வாயே திறப்பதில்லை. பசித்தவனிடம் 'சத்தாகச் சாப்பிடுப்பா' என்று சொல்லிவிட்டுப் போவது போல இருக்கிறது.

நான் காமர்ஸ் படித்தவன். எதையும் பற்று, வரவு என்று பிரித்துப் பார்த்துவிட்டால்தான் திருப்தி. சிரிப்புக்கும் ஒரு கணக்குப் போட்டுவிடலாம்.

முதலில் வரவு. அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் நார்மன் கஸின்ஸுக்கு 1964இல் முதுகெலும்பை இறுக்கும் கடுமையான நோய் வந்தது. ஆஸ்பத்திரியை விட்டு ஓட்டல் அறைக்கு மாறி, மார்க்ஸ் சகோதரர்களின் காமெடிப் படங்களைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதினார். 1979இல் அது புத்தகமாக வந்தது. சிரிப்பு வைத்தியம் பேசுகிற எல்லோரும் இந்தக் கதையில்தான் பிள்ளையார் சுழி போடுவார்கள். கூடவே அவர் நிறைய வைட்டமின் சி ஏற்றிக்கொண்டார், டாக்டர் ஒருவர் கடைசி வரை உடன் இருந்தார் என்ற பாதியை மட்டும் சௌகரியமாக விட்டுவிடுவார்கள்.

2005இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மில்லர் என்ற இதய மருத்துவர் 20 பேருக்கு ஒரு நாள் காமெடிப் படமும், இன்னொரு நாள் பதற வைக்கும் போர்ப் படமும் காட்டினார். சிரித்தபோது ரத்தக்குழாய்களில் ஓட்டம் சராசரியாக 22 சதவிகிதம் கூடியது. பதறியபோது 35 சதவிகிதம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் பார்த்தது 20 பேரை. இதை வைத்துக்கொண்டு பிரஷர் மாத்திரையை ஜன்னல் வழியாக வீசிவிடாதீர்கள்.

இன்னொன்று. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் நிஜமாகச் சிரித்தால் 10 முதல் 40 கலோரி வரை கூடுதலாகச் செலவாகும் என்று 2007இல் ஓர் ஆய்வு வந்தது. 'சிரித்தே இளைக்கலாம்' என்று உடனே கிளம்பினார்கள். 40 கலோரி என்பது எவ்வளவு தெரியுமா? ஒரு இட்லி. அதுவும் சின்ன இட்லி.

குழந்தை ஒரு நாளைக்கு 400 தடவை சிரிக்கிறது, பெரியவர்கள் 15 தடவைதான் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. அந்த 400ஐ எண்ணிய மகராசன் யார் என்று எங்கேயும் போட்டிருக்காது. பெரியவர்களை வைத்து ஒரு நிஜக் கணக்கு உண்டு. 1999இல் கனடாவில் 80 பேரிடம் டைரி கொடுத்து மூன்று நாள் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். சராசரி நாளைக்குப் 17.6 சிரிப்பு.

ஆக, சிரிப்பு உடம்புக்கு நல்லதுதான். அற்புத மருந்து இல்லை, ஆனால் நல்லது. இதில் எனக்கு முக்கியமாகப் படுகிற ஆராய்ச்சி வேறு. ராபர்ட் ப்ரோவைன் என்று ஓர் அமெரிக்க நரம்பியல் பேராசிரியர். கடைத்தெருவிலும் கல்லூரி வளாகத்திலும் சாதாரண ஜனங்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று பல வருஷம் ஒட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, மனுஷன் தனியாக இருப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகம் சிரிக்கிறான். இரண்டு, பெரும்பாலான சிரிப்பு ஜோக்குக்கு வருவதே இல்லை. 'அட, எங்கேய்யா ஆளையே காணோம்', 'சரி அப்ப நான் கிளம்பறேன்' மாதிரி சப்பைப் பேச்சுக்குத்தான் ஜனங்கள் சிரிக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ராபின் டன்பர் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கியோ, பனிக்கட்டி போலக் குளிர்ந்த உறையை மாட்டியோ, வலியை எவ்வளவு தாங்குகிறார்கள் என்று சோதித்தார்கள். சேர்ந்து உட்கார்ந்து சிரித்து முடித்தவர்களால் கூடுதல் வலியைத் தாங்க முடிந்தது.

இப்போது கணக்கு தெளிவாகிவிட்டது. சிரிப்பு என்கிற வியாபாரத்துக்கு மூலதனம் ஜோக்கு இல்லை. கூட இருக்கிற மனுஷர்கள், அவர்களோடு சும்மா பேச நேரம், பயமில்லாமல் வாயைத் திறக்கத் துணிச்சல். இந்த மூன்றையும் பிடுங்கிக்கொண்டு 'சிரி' என்றால் எங்கிருந்து சிரிப்பது?

மூலதனம் எப்படிக் கரைகிறது என்பதற்கு ஓர் ஊரைப் பார்க்கலாம். காஞ்சிபுரம்.

பட்டு வாங்க நீங்களும் போயிருப்பீர்கள். காந்தி ரோட்டில் காரை நிறுத்தி, கடை ஏறி, புடவை எடுத்து, அப்படியே வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். ஒரு தடவை விடியற்காலையில் பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்து பாருங்கள். பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும் வேலை அந்த ஊரில் காலம் காலமாகத் தெருவில்தான் நடந்து வந்திருக்கிறது. ஒருத்தரால் ஆகிற காரியம் இல்லை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். நாலைந்து பேர் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் குரல் கொடுத்துக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொண்டு செய்கிற வேலை.

தறியும் அப்படித்தான். காஞ்சிபுரம் பட்டின் பெருமையே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் கோத்துக்கொள்ளும் இடத்தில் பிசிறு தெரியாது. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற நெசவாளரால் மட்டும் முடியாது. பக்கத்தில் துணைக்கு ஒரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அதாவது, காஞ்சிபுரத்துத் தறி என்பதே இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுகிற இடம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று கதை விட மாட்டேன். அந்த இரண்டாவது இடத்தில் பல வீடுகளில் பள்ளிக்கூடம் போக வேண்டிய குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். முன்பணக் கடனுக்காகக் குழந்தைகள் பட்டுத் தறியில் கட்டிப் போடப்பட்ட கதையை, காஞ்சிபுரத்தையும் சேர்த்து, மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் தனி அறிக்கையாகவே வெளியிட்டது. அந்தக் குழந்தைகளிடம் யாரும் 'வாய் விட்டுச் சிரி' என்று வைத்தியம் சொல்லவில்லை. நல்ல வேளை.

குழந்தைகள் எழுந்து பள்ளிக்கூடம் போனது நல்லது. ஆனால் அந்த இடத்துக்குக் கூலி போட்டு ஒரு பெரியவரை உட்கார வைக்க யாரும் தயாராக இல்லை. கூலி புடவைக்கு இவ்வளவு என்று வருகிறது. உட்காருகிறவர் ஒருத்தரா, இரண்டு பேரா என்பது முதலாளியின் கணக்கில் இல்லை. பெரும்பாலும் மனைவி உட்காருகிறார். அவருக்குத் தனிக் கூலி என்ற பேச்சே கிடையாது. பையன்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. கோர்வை இல்லாத புடவையைத் தனி ஆளாக நெய்துவிடலாம். விசைத்தறிப் புடவைக்கு அந்தத் தனி ஆளும் வேண்டாம். விசைத்தறிப் புடவை 'காஞ்சிபுரம்' என்ற பெயரிலேயே பக்கத்துக் கடையில் தொங்குகிறது. 2005-06இல் வாங்கிய புவிசார் குறியீட்டுச் சான்று சுவரில் தொங்குகிறது.

அங்கே ஒரு பெரியவர் சொன்னார்: "முன்னெல்லாம் ரெண்டு பேரு ஒக்காந்து நெய்யுவோம் சார். கை பாட்டுக்கு ஓடும், வாய் பாட்டுக்குப் பேசும். இப்ப நான் மட்டும்தான். ரேடியோ போட்டுக்குறேன். அது பேசுது. நான் சொல்றது அதுக்குக் கேக்காது."

இவருக்கு முதுகு வலி. இவரிடம் போய் டன்பரின் ஆராய்ச்சியைச் சொல்லுங்கள். சேர்ந்து சிரித்தால் வலி குறையுமாம் ஐயா என்று. 'யாரோட சார்?' என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

புடவை தறியிலிருந்து ஷோரூமுக்கு வருகிறது. அங்கே வேறு கூத்து. சென்னையோ காஞ்சிபுரமோ மதுரையோ, எந்தப் பெரிய ஜவுளிக்கடைக்குள் வேண்டுமானாலும் போங்கள். வாசலில் கைகூப்பிச் சிரிக்க ஒரு பெண். மாடியில் புடவையை விரித்துப் போட்டுச் சிரிக்க இன்னும் பல பெண்கள். அந்தப் புன்னகை அவர்கள் வேலையில் ஒரு பகுதி. ஆனால் கஸ்டமர் இல்லாத நேரத்தில் இரண்டு பெண்கள் எதற்கோ களுக்கென்று சிரித்தால், சூப்பர்வைசர் தலை திரும்பும். "என்னம்மா அங்க இளிப்பு?"

கவனித்தீர்களா? புன்னகை கட்டாயம். சிரிப்புக்குத் தடை. கஸ்டமருக்காகச் சிரித்தால் சம்பளம், தனக்காகச் சிரித்தால் திட்டு. விமானப் பணிப்பெண்களின் புன்னகை எப்படிக் கம்பெனியின் சரக்காகிறது என்று ஆர்லி ஹோக்‌ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் ஒரு புத்தகமே எழுதினார். நம் ஊரில் 2010இல் 'அங்காடித் தெரு' படம் ஜவுளிக்கடைப் பிள்ளைகளின் வாழ்க்கையைக் காட்டியபோது தியேட்டரில் அழுதோம். அழுத கையோடு போய்த் தீபாவளிக்குப் புடவை எடுத்தோம்.

நாள் முழுக்க நின்றுகொண்டே சிரித்த அந்தப் பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கொடுங்கள் என்று சொல்வதற்கே தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தினார்கள். உட்காருவதற்கே இத்தனை வருஷம். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணோடு சிரிக்கும் உரிமை எந்த வருஷம் வருமோ!

பெண்கள் என்றதும் இன்னொரு பழமொழி ஞாபகம் வருகிறது. 'பொம்பளை சிரிச்சா போச்சு, பொகையிலை விரிச்சா போச்சு.' நோய் விட்டுப் போகும் என்ற பழமொழி ஆண்களுக்கு மட்டும் என்பது இதைப் படித்தால்தான் புரிகிறது. ஒரே மொழி, ஒரே ஜனம், இரண்டு பிரிஸ்க்ரிப்ஷன்!

உடனே சிலர் மகாபாரதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 'பாஞ்சாலி சிரிச்சதாலதானே சார் பாரதப் போரே வந்தது?' இல்லை ஐயா. துரியோதனன் மயன் கட்டிய மண்டபத்தில் தண்ணீரைத் தரையென்று நினைத்து விழுகிற காட்சியை வியாசர் வர்ணிக்கிற இடத்தில், சிரிப்பவர்கள் பீமனும் தம்பிமார்களும். திரௌபதியும் சிரித்தாள் என்பது, பின்னால் துரியோதனன் அப்பாவிடம் போய்க் கொடுக்கிற புகாரில்தான் வருகிறது. எதிர்த்தரப்பு கொடுத்த எஃப்.ஐ.ஆரை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான வருஷமாக நம் வீட்டுப் பெண்களுக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நாம் மட்டும் இல்லை. 2014இல் துருக்கியின் துணைப் பிரதமர், பெண்கள் பொது இடத்தில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று திருவாய் மலர்ந்தார். துருக்கிப் பெண்கள் மறியல் செய்யவில்லை, கல் எறியவில்லை. வாய் நிறையச் சிரிக்கிற தங்கள் போட்டோவை ஆயிரக்கணக்கில் வெளியிட்டார்கள். துணைப் பிரதமர் உலகத்துக்கே சிரிப்பாகிப் போனார்.

இதிலிருந்து அடுத்த விஷயத்துக்கு வரலாம். எதைப் பார்த்துச் சிரிப்பது, யாரைப் பார்த்துச் சிரிப்பது? இதற்கும் காஞ்சிபுரத்துக்கே திரும்பி வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால், இந்த விஷயத்தில் அந்த ஊர் நமக்கெல்லாம் வாத்தியார்.

7ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் காஞ்சியை ஆண்டவன் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன். குடைவரைக் கோயில் எடுத்தவன் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவன் சமஸ்கிருதத்தில் ஒரு காமெடி நாடகம் எழுதினான். 'மத்தவிலாச பிரகசனம்'. கதை நடக்கிற இடம், அவனுடைய தலைநகரமான காஞ்சியே.

கதை இதுதான். குடித்துவிட்டுத் தள்ளாடுகிற ஒரு காபாலிகச் சாமியாரும் அவன் துணைவியும் காஞ்சித் தெருவில் வருகிறார்கள். பிச்சை வாங்குகிற கபாலம் காணாமல் போய்விடுகிறது. வழியில் வந்த ஒரு புத்த பிட்சுவைப் பிடித்து 'நீதான் திருடினாய்' என்கிறான் காபாலிகன். பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதர் வருகிறார். கடைசியில் கபாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய், அதனிடமிருந்து பிடுங்கி வைத்திருப்பது ஒரு பைத்தியக்காரன் என்று தெரிகிறது. கோர்ட்டுக்குப் போகலாம் என்று பேச்சு வரும்போது காபாலிகனின் துணைவி சொல்கிறாள்: இந்த பிட்சுவிடம் மடத்துப் பணம் நிறைய இருக்கிறது, நீதிமன்றத்து ஆட்களின் வாயை அடைத்துவிடுவான், நம்மால் முடியுமா?

யோசித்துப் பாருங்கள். நாடகம் எழுதியவன் ராஜா. அந்த நீதிமன்றம் அவனுடையது. தன் ஊரில், தன் ஆட்சியில், தன் கோர்ட்டில் லஞ்சம் வாங்குகிறார்கள் என்று தானே எழுதி ஊர் சிரிக்கக் கொடுத்திருக்கிறான். 'மத்தவிலாசன்' என்பது அவனுடைய பட்டப் பெயர்களில் ஒன்று. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மாமண்டூர்க் குகைக்கோயில் கல்வெட்டிலும் இந்த நாடகத்தின் பெயர் இருக்கிறது. கேரளத்துச் சாக்கியார்கள் கூடியாட்டத்தில் ஆடி அதை உயிரோடு வைத்திருந்தார்கள். 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி அச்சில் ஏற்றினார். எழுதிய ஊரில் இன்றைக்கு எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

ராஜாவோடு நின்றதா? அந்த ஊர் சாமியையும் விடவில்லை. வைகாசியில் கருட சேவை பார்த்துவிட்டு, நல்ல பெருமாளைப் பருந்து தூக்கிக்கொண்டு போகிறதே என்று காளமேகப் புலவர் கேலியாக ஒரு வெண்பா பாடினதாகச் சொல்வார்கள். யாரும் மனம் புண்பட்டதாகக் கேஸ் போடவில்லை. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் தெருக்கூத்து நடக்கும்போது கட்டியங்காரன் துரியோதன மகாராஜாவையே நிற்க வைத்துக் கிண்டல் பண்ணுவான். உள்ளூர்ப் பெரிய மனுஷருக்கும் அதிலேயே ஒரு குத்து விழும்.

இப்போது 1987க்கு வாருங்கள். 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கிறவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்கிறார். பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில் வருகிறது. இந்த ஒரு ஜோக்குக்காக ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதம் கடுங்காவல் தண்டனை விதித்தது. நாடே கொதித்ததும் இரண்டு நாளில் வெளியே விட்டார்கள். கைது தவறு என்று 1994இல் உயர் நீதிமன்றம் 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

தன் கோர்ட்டைப் பார்த்துத் தானே சிரித்த பல்லவ ராஜா எங்கே, ஒரு ஜோக்குக்கு ஜெயில் கொடுத்த ஜனநாயகம் எங்கே! 1,300 வருஷத்தில் நாம் முன்னால் வந்திருக்கிறோமா, பின்னால் போயிருக்கிறோமா? நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

அரசியலில் சிரிப்பு இருந்த காலமும் அதே காஞ்சிபுரத்தில்தான் இருந்தது. 1957 தேர்தலில் அண்ணா அங்கே நின்றார். காங்கிரஸ் வேட்பாளர் ஊரில் பெயர் வாங்கிய டாக்டர். அண்ணாவுக்கு ஓட்டுக் கேட்க வந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், கூட்டத்தில் பேச்சு முழுக்க அந்த டாக்டரையே புகழ்ந்தார் என்று சொல்வார்கள். கைராசிக்காரர், ஏழைகளுக்கு இரங்குபவர் என்று அடுக்கிக்கொண்டே போனாராம். கூட்டம் விழிக்கிறது. கடைசியில், இவ்வளவு நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பது, அவரை ஊரிலேயே வைத்துக்கொண்டு அண்ணாதுரையை அனுப்புங்கள் என்று முடித்தாராம். அண்ணா ஜெயித்தார். எதிராளியின் மேல் ஒரு துளிச் சேறு விழவில்லை. இன்றைய பிரசாரக் கூட்டம் எதையாவது கேட்டுவிட்டு இதை நினைத்துப் பாருங்கள், வயிறு எரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பாக இருப்பவரை, குண்டாக இருப்பவரை, திக்கிப் பேசுபவரை வைத்து நம் சினிமாவும் டி.வி.யும் அடிக்கிற கூத்துக்கும் சிரிப்பு என்றுதான் பெயர். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டில் நகையை முதலில் வைத்து, அதற்கு எள்ளலையும் ஒரு காரணமாகச் சொன்னார். எள்ளல் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். மேலே இருப்பவனைப் பார்த்துச் சிரித்தால் பயம் கொஞ்சம் தெளியும். கீழே இருப்பவனைப் பார்த்துச் சிரித்தால் அவனுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் போகும். உங்கள் ஆரோக்கியத்துக்காக அவர் ஏன் நோயாளி ஆக வேண்டும்?

'அப்படின்னா சிரிப்பு மன்றமெல்லாம் வேஸ்ட்டா சார்?' என்று கேட்பீர்கள். இல்லை. 1995 மார்ச்சில் மும்பைப் பூங்கா ஒன்றில் டாக்டர் மதன் கட்டாரியா ஐந்து பேரோடு ஆரம்பித்தது அது. முதலில் ஆளுக்கொரு ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் நல்ல ஜோக் தீர்ந்து, மற்றவரைப் புண்படுத்துகிற ஜோக் வர ஆரம்பித்தது. அதனால்தான் ஜோக்கே இல்லாமல் சிரிக்கிற பயிற்சியாக அதை மாற்றினார். இன்றைக்குப் பல நாடுகளில் நடக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் தனியாக இருக்கிற பெரியவர்கள் காலை ஆறு மணிக்குப் பூங்காவில் கூடிச் சிரித்தால் எனக்கு என்ன நஷ்டம்? தாராளமாகச் சிரிக்கட்டும். அவர்களுக்கு நல்லது செய்வது அந்த 'ஹோ ஹோ'வை விட, 'ஏன் நேத்து வரலை, உடம்பு சரியில்லையா?' என்று விசாரிக்கிற பக்கத்து மனுஷர் என்பதுதான் என் கட்சி. ப்ரோவைனும் எனக்குச் சாட்சி சொல்வார்.

'கஷ்டப்படறவங்கதான் சார் நல்லா சிரிக்கறாங்க, பணக்காரன்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான்' என்று இன்னொரு வாதமும் வரும். கேட்க அழகாக இருக்கிறது. துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்லி வள்ளுவரும் ஓர் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார்தான். ஆனால் அது துன்பப்படுகிறவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. கூலியைப் பாக்கி வைத்திருக்கிற முதலாளி அதை எடுத்துச் சொன்னால் அதற்குப் பெயர் திருக்குறள் இல்லை, திமிர்.

அதனால், அறிவுரை சொல்கிறவர்களுக்கு என் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பட்டியல்.

டாக்டர்களே, 'சிரிங்க' என்று சொல்வதற்கு முன் 'வீட்டுல யார் யார் இருக்காங்க? சாயங்காலம் யாரோட பேசுவீங்க?' என்று கேளுங்கள். பதில் 'யாரும் இல்லை' என்று வந்தால் அதுவும் ஒரு நோய்க்குறி. சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாளிகளே, பயிற்சியாளருக்குக் கொடுக்கிற பணத்தில் கடையில் நாலு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பிள்ளைகள் சிரித்தால் சூப்பர்வைசரை வேறு பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பட்டு முதலாளிகளே, கோர்வைக்கு உட்காருகிற இரண்டாவது ஆளுக்கும் கூலி போடுங்கள். புடவையும் பிழைக்கும், தறிப் பேச்சும் பிழைக்கும்.

அப்பாமார்களே, ஹாலில் டி.வி. பார்த்து நீங்கள் சத்தமாகச் சிரிக்கிற உரிமை சமையல்கட்டில் இருக்கிற மகளுக்கும் உண்டு. 'என்ன சத்தம் அங்க?' என்று கேட்காமல், 'என்ன, எங்கிட்டயும் சொல்லுங்க' என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் சொல்ல மாட்டார்கள். பத்தாவது நாள் சொல்வார்கள்.

பதவியில் இருக்கிறவர்களே, உங்களைப் பற்றி ஒரு கேலிச்சித்திரம் வந்தால் போலீஸை அனுப்பாதீர்கள். முடிந்தால் அதை ஃப்ரேம் போட்டு ஆபீஸில் மாட்டிக்கொள்ளுங்கள். பல்லவ சாம்ராஜ்யம் ஒரு நாடகத்தால் கவிழவில்லை.

கடைசியாக, உங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சும்மா பேசிக்கொண்டிருங்கள். ஜோக் எதுவும் தயாரித்துக்கொண்டு போக வேண்டாம். 'எங்க சார் ஆளையே காணோம்' என்று ஆரம்பித்தால் போதும். மீதி தானாக வரும். வழக்கமாகப் போடும் பிரஷர் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுவிட்டுப் போங்கள்!